படத்தின் வலது பாதி

நாகலிங்கம் ஸ்பெயினுக்குப் போகப்போவதாகச் சொன்னபோது மஸ்கட்டின் ரூவி பேட்டையில் அவரோடு அறையில் தங்கியிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் டூட்டிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, விஷயத்தைக் கேட்டு, சாப்பிட உட்காருவதற்கு முன் அவரும் சிரித்துக் கடமையை முடித்துக்கொண்டார்.

நாகலிங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று. ஊர் அறந்தாங்கிப் பக்கம். மஸ்கட்டில் இருபத்து நான்கு வருஷமாக ஏசி மெக்கானிக். ஏணியில் முதலில் தொப்பை ஏறும். பிறகு அவர் ஏறுவார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி லீவும் திருச்சிக்கு டிக்கெட்டும் கொடுக்கும். அவரும் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போய் இறங்குவார். இதற்குள் ஸ்பெயின் எப்படி நுழைந்தது?

ஒரு சமையலறைக் கதவு வழியாக நுழைந்தது.

குரும் பகுதியில் ஒரு வில்லாவுக்கு ஆறு வருஷமாக அவர்தான் சர்வீஸ். பின்பக்க கேட், சமையலறை, மாடிப்படி, மொட்டைமாடி. இதுதான் அவருக்கு விதிக்கப்பட்ட பாதை. சமையலறைக் கதவில் நின்றால் ஹால் சுவரில் ஒரு பெரிய படம் தெரியும். படம் என்றால் பாதிப் படம். மலைச்சரிவில் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்கும் வெள்ளை வீடுகள், நடுவில் ஒரு சந்து, கறுத்து உயர்ந்த ஊசிமரங்கள். அதற்கு மேல் வலது பக்கம் தெரியாது. சமையலறைச் சுவர் மறைத்துக்கொள்ளும்.

சமையல்காரரிடம் ஒருநாள் கேட்டார். "அது ஸ்பெயின்ல கிரனாடான்னு ஒரு டவுனு. அல்பைசின்னு பழைய ஏரியாவாம்" என்றார் அவர். வலது பக்கம் என்ன இருக்கிறது என்றதற்கு, "எனக்குக் குழம்புல உப்பு பாக்கவே நேரம் இல்ல. இதையெல்லாம் யாரு பாத்தா?" என்றார்.

நாகலிங்கம் ஹாலுக்குள் இரண்டே அடி எடுத்து வைத்தார். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோபமான குரல்கூட இல்லை. "ரஃபீக், அந்தப் பக்கம் இல்ல." பெயர் தெரியாத வேலைக்காரர்களுக்கெல்லாம் அங்கே ரஃபீக் என்பதுதான் பெயர்.

அன்று இரவு அறைத்தோழர் செய்கு முகம்மது, "இதுக்குப்போயி எதுக்கு மாப்ளே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? போன்ல தட்டுனா மொத்தப் படமும் வந்துட்டுப் போவுது" என்று போனை எடுத்தார். செய்கு கீழக்கரைக்காரர். பக்கத்துக் கட்டிலில் பதினோரு வருஷமாகக் குறட்டை விடுகிறார். அந்த உரிமையில் மாப்ளே.

நாகலிங்கம் திரையைக் கையால் மூடினார். "வேணாம். அந்த ஊருக்கே போயி, முன்வாசல் வழியா நொழைஞ்சு பாக்குறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாளும் அந்தக் கோபம் அப்படியே இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் இருந்தது. அவருடைய வாழ்க்கையில் அத்தனை நாள் கெட்டுப்போகாமல் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

விசாவுக்குக் கடிதம் வாங்க ஆபீசுக்குப் போனார். அங்கே கடிதம் அடித்துக் கொடுக்கும் கல்யாணசுந்தரம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பர்ப்பஸ் ஆஃப் விசிட் என்னய்யா போடுறது?"

"டூரிசம் சார்."

"உம்ம பேருக்குப் பக்கத்துல டூரிசம்னு அடிச்சா கம்ப்யூட்டரே ஒரு தடவை நின்னு யோசிக்குது பாரும்."

"யோசிச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க சார். வெயிட் பண்றேன்."

ஊரில் மைத்துனர் சேதுராமன் குதித்தார். "மச்சான், முப்பது நாள் லீவுல ஆறு நாள வெள்ளைக்காரன் தெருவுல சுத்தப்போறேன்னா ஊரே சிரிக்கும்." போனைப் பிடுங்கியது வீரம்மாள். கூட வருகிறாயா என்று மனைவியை அவர் முன்பே கேட்டிருந்தார். விமானம் ஏறினால் காது அடைக்கும், இறங்கினால் முட்டி பிடிக்கும் என்று மறுத்துவிட்டது. இப்போது தம்பி காது கேட்கவே சொன்னது. "இருவத்தி நாலு வருசமா வேல, வீடு, வேல, வீடுன்னு போயி வந்தாச்சு. ஒருக்கா மூணாவதா ஒரு எடத்துக்குப் போயிட்டு வாங்க. சிரிக்கிறவன நான் பாத்துக்கிறேன்."

இப்படி எல்லோரையும் எதிர்த்து ஜெயித்த நாகலிங்கம் கடைசியில் அட்டைப்பெட்டியிடம் தோற்றார்.

வளைகுடாக்காரனுக்கு விமான நிலையம் என்றால் பெட்டி. கையை வீசிக்கொண்டு போனால் ஏதோ வேலையை விட்டுத் துரத்திவிட்டதுபோல் இருக்கும். "தங்கப்போறது ஒரு வீட்டுலயாமே. வீட்டுக்காரங்களுக்கு வெறுங்கையோடவா போவே?" என்று செய்கு ஆரம்பித்தார். அல்வா டப்பாக்கள், பேரீச்சம்பழம், பால்பவுடர், கோடாலித் தைலம், ஒரு புலிப்படக் கம்பளி. மஞ்சள் நைலான் கயிறு. ஆறு பக்கமும் மார்க்கரால் பெயரும் முகவரியும்: நாகலிங்கம், அல்பைசின், கிரனாடா, வழி: மாட்ரிட். இருபத்திரண்டு கிலோ. பழக்கதோஷம் என்பதைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டு விமானம், ஒரு பஸ். அல்பைசின் அடிவாரத்துச் சதுக்கத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. படத்தில் ஏற்றம் அழகாக இருந்தது. நேரில் ஏற வேண்டும்.

மேலே போகும் குட்டி பஸ்ஸின் டிரைவர் பெட்டியைப் பார்த்ததும் விரலை ஆட்டிவிட்டார். டாக்சிக்காரர் சந்து பாதி வரைக்கும்தான் என்று கைகாட்டினார். இழுத்துப் பார்த்தார், தரை முழுக்கக் கூழாங்கல் பதித்த வேலைப்பாடு, பெட்டி நகரமாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் துண்டைச் சும்மாடு கூட்டி, பெட்டியைத் தலையில் ஏற்றினார்.

அல்பைசினுக்குள் நாகலிங்கம் நுழைந்தது இப்படித்தான்.

முதல் சந்து முழுக்க மொராக்கோக்காரர்களின் டீக்கடைகள். வாசலில் விளக்குகள், தோல் செருப்புகள், புதினா வாசம். ஒரு கடைக்காரர் சலாம் சொன்னார். இவருடைய மஸ்கட் அரபி அவருக்குப் பாதி புரிந்தது, அவருடைய அரபி இவருக்குக் கால்வாசி புரிந்தது. டீ தருவதற்கு அது போதும். இந்த மேடு அரபிகள் கட்டின பேட்டை, தெருத்தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள் என்று அவர் கையால் வரைந்து காட்டினார். அடுத்த திருப்பத்திலேயே ஒன்று இருந்தது. செங்கல் வளைவுக்குள் இருட்டாக, குளிர்ந்த மூச்சு விட்டுக்கொண்டு. நாகலிங்கம் பெட்டியோடு குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறும் என்று தேடினார். பிறகு தன்னையே கடிந்துகொண்டார். டூரிஸ்ட் எவனும் ஓட்டையைத் தேடமாட்டான்.

வெள்ளைச் சுவர்கள் இரு பக்கமும் நெருங்கின. சுவர்களுக்கு மேல் மாதுளைக் கிளைகள் எட்டிப் பார்த்தன. ஒரு சந்து இரண்டாகப் பிரிந்தது. சுற்றிச் சுற்றி வந்து பழைய இடத்திலேயே விட்டது. மூன்றாவது முறையும் அதே பூனை அவரை அதே படியில் உட்கார்ந்து பார்த்தது. எதிரே குடை பிடித்த கைடு ஒருவருக்குப் பின்னால் இருபது பேர் வந்தார்கள். கைடு ஏதோ சொல்ல, இருபது பேரும் கூரைகளை விட்டுவிட்டு நாகலிங்கத்தைப் படம் எடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு இங்கிலீஷ்கார அம்மா வந்து தன் சூட்கேசை அவர் காலடியில் வைத்தார். ஒரு ஹோட்டல் பெயரைச் சொல்லி, ஐந்து யூரோ நோட்டை நீட்டினார்.

நாகலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பெட்டியை இறக்கினார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "மேடம், ஐ ஆம் டூரிஸ்ட்" என்றார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நாகலிங்கம் நோட்டை வாங்காமல் தன் போனை அவர் கையில் வைத்து, வெள்ளைச் சுவரோரம் போய், பெட்டிமேல் ஒரு காலை ஊன்றி நின்றார். "போட்டோ ப்ளீஸ். பேக்ரவுண்ட் ஆல்சோ."

அந்த அம்மா முகம் சிவந்துபோய் ஒன்றுக்கு நான்காக எடுத்துக் கொடுத்தார். படம் உடனே ஊருக்குப் போனது. சேதுராமனிடமிருந்து குரல் செய்தி வந்தது: "என்ன மச்சான், அங்கயும் மூட்டைதானா?" கூடவே பின்னணியில் வீரம்மாள்: "அவரு மூட்டை, அவரு தூக்குறாரு. ஒனக்கென்ன?"

தங்கும் வீட்டைப் போன் வரைபடம் ஒரு தாழ்ந்த சந்தில் கொண்டுபோய் நிறுத்தியது. சின்னக் கதவு. மணியை அடிப்பதற்கு முன்பே திறந்துகொண்டது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்த ஒரு பெண்மணி, காதில் போனோடு, இவருடைய மீசையையும் நனைந்த சட்டையையும் பெட்டியையும் ஒரே பார்வையில் பார்த்தார். "ஏர் கண்டிஷன், யெஸ்? கம், கம்."

இருபத்து நான்கு வருஷப் பழக்கம் மூளையில் இருப்பதில்லை, முழங்காலில் இருக்கிறது. நாகலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பெட்டியை இறக்கினார். அந்த அம்மா காட்டிய உள்படி வழியாக மேலே போய், சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த ஏசிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு ஏறி, மூடியைத் திறந்து, ஃபில்டரை உருவி, தட்டில் விரலை விட்டார். தண்ணீர் தேங்கி நின்றது. "தண்ணி போற டிரெயின் பைப்புல அடைப்பு" என்று தமிழில் அறிவித்துவிட்டுத் திரும்பினார்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. கதவுக்கு அப்பால் ஹால். ஹாலில் பெரிய ஜன்னல். ஜன்னலில் வெள்ளை வீடுகள், ஒரு சந்து, கறுத்த ஊசிமரங்கள். அதற்கு வலது பக்கம், சமையலறைச் சுவர்.

ஒரு நிமிஷம் நாற்காலியிலேயே நின்றார். இரண்டு விமானமும் ஒரு பஸ்ஸும் ஏறி வந்து, குரும் வில்லாவில் நின்ற அதே இடத்தில், அதே ஃபில்டரோடு.

ஃபில்டரைத் திரும்பச் செருகினார். கழற்றியதை மாட்டாமல் போகிற ஆள் அவர் இல்லை. இறங்கிச் செருப்பைப் போட்டார். பெட்டியைத் தலையில் ஏற்றினார். போனைக் காதிலிருந்து எடுத்த அந்த அம்மா, "ஃபினிஷ்?" என்றார்.

"நோ மேடம். நாட் ஸ்டார்ட்."

வந்த கதவு வழியாகவே வெளியேறினார். முன்வாசல் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. வீடு என்று ஒன்று இருந்தால் முன்பக்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். மதிலை வலது கையால் தொட்டபடி சுற்றினார். படிகள் வந்தன. முழங்கால் கெஞ்சியது. உன்னால்தான் இத்தனையும் என்று அதைத் திட்டிக்கொண்டே ஏறினார். மேல் சந்தில் ஆணி பதித்த ஒரு பெரிய மரக்கதவு இருந்தது, இரும்புக் கை வடிவில் தட்டும் வளையத்தோடு. பெட்டியை இறக்கினார். தலையைச் சீவினார். மூன்று முறை தட்டினார்.

கதவைத் திறந்தவர் அதே அம்மா.

"குட் ஈவினிங் மேடம். நாகலிங்கம். கெஸ்ட். த்ரீ நைட்ஸ்." ஒரு கையில் பாஸ்போர்ட்டும் மறு கையில் புக்கிங் காகிதமும் இருந்தன.

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். சாரி என்பதை இரண்டு மொழியில் பத்து முறை சொன்னார். பிறகு மெதுவாக, "பட், யூ நோ ஏர் கண்டிஷன்?" என்றார்.

"மஸ்கட்ல, யெஸ். ஹியர், டூரிஸ்ட்."

செருப்போடு உள்ளே நடந்தார். நேராக ஜன்னலுக்குப் போனார். வலது பக்கம் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு சிவந்த கோட்டை மேட்டை முழுதாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோபுரங்களில் மாலை வெயில் இருந்தது. ஒரு ஓரத்தில் சாரம் கட்டி, மூன்று பேர் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். நாகலிங்கம் அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்கார அம்மா நாற்காலி போட, கால்மேல் கால் போட்டு உட்கார முயன்றார். தொப்பை இடம் தராததால் சாதாரணமாக உட்கார்ந்தார்.

அப்போது கீழே பின்கதவு மணி அடித்தது. அந்த அம்மா சமையலறைப் பக்கம் நகர்ந்தார். நாகலிங்கம் ஜன்னலில் எட்டிக் கீழ்ச்சந்தைப் பார்த்தார். தோளில் ஏணி, கையில் பை, நாற்பது வயதுக்காரர். முகத்தைப் பார்த்ததும் ஹிந்தி தானாக வந்தது. "பாய், எந்த ஊரு?"

"பாகிஸ்தான், பாய். இதுக்கு முன்னாடி ஏழு வருசம் சவுதியில ஜுபைல்."

"அங்கேயே நில்லு. மேல சுத்தி வா. முன்வாசல் இந்தப் பக்கம்."

"ஏணி இருக்கே, பாய்."

"ஏணியையும் கூட்டிட்டு வா."

வீட்டுக்கார அம்மா என்னவென்று பார்ப்பதற்குள் நாகலிங்கம் போய் மரக்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து நின்றார். அந்த அம்மா கிச்சன் பக்கம் கை காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"மேடம், மை கெஸ்ட்" என்றார் நாகலிங்கம். அதற்கு மேல் இங்கிலீஷ் அவரிடம் இல்லை; தேவையும் படவில்லை. அந்த அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்தார். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வந்தவர் பெயர் ரியாசத். வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று உட்காரவைத்து, மஞ்சள் கயிற்றை அறுத்து, மஸ்கட் அல்வாவைத் திறந்து மூவருக்கும் வைத்தார் நாகலிங்கம். பிறகு ரியாசத் ஏணியை விரித்தபோது இவருடைய கைகள் பரபரத்தன. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார். ஏணியைக்கூடப் பிடிக்கவில்லை. டிரெயின் பைப்பில் அடைப்பு என்பதை மட்டும் சொன்னார். அது தொழில் அல்ல, மரியாதை.

வீடியோவில் செய்கு வந்தார். "மாப்ளே, வலது பக்கம் என்னதான் இருந்துச்சு?"

"கோட்டை. வேல பாக்குறாங்க." போனைத் திருப்பிக் கோட்டையைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் திருப்பியபோது, ஏணியில் நின்றபடி வாயில் அல்வாவோடு ரியாசத் கையாட்டினார்.

"யாரு அது?"

"ஏசி ரிப்பேருக்கு வந்தவரு. முன்வாசல் வழியா."