அலை எழும்போது விழும் கோடுகள்

அலை தலைக்கு மேல் உயர்ந்து மடங்கப் போகிற நேரத்தில்தான் திரையில் கோடுகள் விழுந்தன. முதலில் பச்சை, அப்புறம் ஊதா, அப்புறம் சதுரம் சதுரமாக என்னென்னவோ. படகும் அலையும் அதற்குள் நொறுங்கிப்போய், கடைசியில் திரை கறுத்து நின்றுவிட்டது.

“போச்சு,” என்றான் மரியஜான்.

அஸ்வதி மடிக்கணினியை லேசாகத் தூக்கி அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு அதை அணைத்து, மறுபடி போட்டு, அதே படகை அதே இடத்துக்குக் கொண்டுபோனாள். அலை எழுந்தது. கோடுகள் வந்தன.

“சிறிய அலைக்கு வரல்ல, பெரிய அலைக்குத்தான் வருது,” என்றாள். அவள் குரலில் எரிச்சல் இல்லை. என்னமோ ஒரு பொருளைக் கண்டெடுத்தவள் மாதிரி இருந்தது.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், வாசலைத் திறந்தால் கடல் தெரிகிற வீடு அது. மரியஜான் வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவன். போன ஆடியில் அவன் தம்பி ஷாஜனின் வள்ளம் துறைமுக வாயிலில் கவிழ்ந்தது. கரை கண்ணுக்கு முன்னால் தெரிகிற இடம். ஷாஜன் தொடை எலும்பு முறிந்து தப்பித்தான். கூடப் போன ஒருவர் திரும்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த வாயில் யாரையாவது எடுத்துக்கொள்கிறது. வாயிலின் இரண்டு தடுப்புச் சுவர்களுக்கு நடுவே அலை எப்போது எழும், எத்தனை அலைக்குப் பிறகு அடங்கும், எங்கே நின்று காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் பழகியவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக வள்ளம் ஓட்டும் பிள்ளைகள் அதைப் பழகுவதற்குள் ஏதாவது நடந்துவிடுகிறது.

ஒருநாள் தெருவில் பையன்கள் போனில் கார்ப் பந்தயம் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மரியஜானுக்கு ஓர் எண்ணம் வந்தது: துறைமுக வாயிலையும் இப்படித் திரையில் ஓட்டிப் பழகினால் என்ன? அதை மனைவி பிரீனாவிடம் சொன்னான். பிரீனா தன்னோடு கல்லூரியில் படித்த அஸ்வதியிடம் சொன்னாள். அஸ்வதி சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயற்காட்டு ஊர்க்காரி. வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. ஆனாலும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஷாஜனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அலை எந்தப் பக்கமிருந்து வந்தது, வள்ளத்தின் மூக்கு எப்போது திரும்பியது, எஞ்சின் அந்த நேரத்தில் என்ன சத்தம் போட்டது என்று கேட்டுக் கேட்டு, திரைக்குள் ஒரு வாயிலைக் கட்டினாள். தன்னுடைய கேமிங் மடிக்கணினியையும் மாதக்கணக்காக அவர்கள் வீட்டிலேயே விட்டுவைத்தாள். அண்ணனும் தம்பியும் ஓட்டிப் பார்த்து, “இது இப்படி வராது, அது அப்படி இழுக்காது” என்று சொல்லச் சொல்ல மாற்றினாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் இந்தக் கோடுகள்.

நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் கையை விரித்தார். “கிராபிக்ஸ் கார்டு போச்சு. இதுல அதைத் தனியா கழட்ட முடியாது, போர்டோட சேர்ந்திருக்கும். முழு போர்டையும் மாத்தணும். வரவழைக்க நாளாகும்.”

திரும்பி வரும் வழியில் மரியஜான் அஸ்வதியிடம் சொன்னான்: “அப்ப வேற வழியில்ல, கேட்டியா? பேசாம மாத்த விட்டிருவோம். ஞாயிற்றுக்கெழமைய தள்ளி வைப்போம்.”

“அவரு சொன்னது சரியாவும் இருக்கலாம்ணே. ஆனா நான் எழுதின அலையிலயே தப்பு இருந்தா? போர்டை மாத்தினாலும் கோடு வரும்லா.”

மரியஜானுக்கு அது புரியவில்லை. பழி போடுவதற்கு ஒரு கார்டு தயாராக இருக்கும்போது, இவள் ஏன் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்?

மறுநாள் காலை அவள் ஆரம்பித்த விதத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். முதலில் அதே படகையும் அலையையும் நாகர்கோவிலில் தோழி ஒருத்தியின் கணினிக்கு அனுப்பி, மத்தியானம் வரை ஓடவிடச் சொன்னாள். அங்கே ஒரு கோடும் விழவில்லை. “அப்ப எம் மேல பாதி சந்தேகம் தீந்துது,” என்றாள். பாதி என்று சொன்னதை மரியஜான் கவனித்தான்.

பிறகு மடிக்கணினியைக் கேபிள் வழியாக வீட்டு டிவியில் மாட்டினாள். டிவியிலும் கோடு வந்தது. ஆக, மடிக்கணினியின் திரையில் குறை இல்லை. அடுத்து கார்டை இயக்கும் மென்பொருளைத் துடைத்து எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாள். கோடு வந்தது. அதையும் ஒதுக்கினாள். கார்டை விட்டுவிட்டு, கணினியில் உள்ள சாதாரண கிராபிக்ஸில் ஓட்டினாள். படகு நொண்டி நொண்டி நகர்ந்தது. ஆனால் கோடு இல்லை.

ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள். மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். கடலில் எஞ்சின் நின்றுபோனால் மரியஜான் நாலு இடத்தில் ஒரே நேரத்தில் கை வைப்பான். எது சரியானதால் எஞ்சின் பிடித்தது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. இவளைப் பார்க்கப் பார்க்க, வலையில் சிக்கு எடுக்கிற அவன் அம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. அவசரத்தில் ஒரு நூலையும் இழுக்க மாட்டாள் அவள்.

“சூடு சரியாத்தானே காட்டுது?” திரையின் ஓரத்தில் ஓடிய எண்ணைக் காட்டிக் கேட்டான்.

“அது கார்டோட மூளைக்குள்ள சூடுண்ணே. அதைச் சுத்தி சின்னச் சின்ன மெமரி சிப்பு இருக்கு. படத்தையெல்லாம் அதுதான் தாங்கிக்கிட்டு இருக்கும். அதோட சூட்டைக் காட்ட இந்த மெஷின்ல வழியில்ல.” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மெமரியின் வேகத்தை மட்டும் குறைத்தாள். அலை எழுந்தது, மடங்கியது, உடைந்தது. கோடு வரவில்லை. வேகத்தைப் பழையபடி கூட்டினாள். வந்தது.

அஸ்வதி நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். “மாட்டிக்கிட்டான்.”

தரையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன் மேல் மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைத் திறந்தாள். திறந்ததும் மரியஜானுக்கு முகம் சுண்டிப்போனது. இரண்டு விசிறிகளில் ஒன்றின் நடுவில், மோட்டாரைச் சுற்றி, கறுப்பாகத் தாடி வளர்ந்த மாதிரி மண் ஒட்டியிருந்தது. வாசலில் கிடக்கும் அதே கருமணல். காந்தத்தைக் காட்டினால் தாவிப்போய் ஒட்டிக்கொள்கிற மண். மோட்டாரிலும் காந்தம் உண்டே. மாதக்கணக்காகக் காற்றோடு உள்ளே போய் ஒட்டியிருக்கிறது. விரலால் தள்ளினால் அந்த விசிறி கால்வாசி சுற்றி நின்றது.

“எங்க வீட்டுல வச்சதுனால வந்த வினை,” என்றான்.

“உங்க வீட்டுல வச்சதுனாலதான் அலை அலை மாதிரி இருக்கு. அதை விடுங்க. அந்த பிரஷ்ஷ எடுங்க.”

மண்ணைத் தட்டி எடுத்தபின், வெப்பத்தை இழுக்கும் செம்புத் தகட்டைக் கழற்றினாள். மெமரி சிப்புகளுக்கும் தகட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி சின்னச் சின்னப் பட்டைகள் இருந்தன. நின்றுபோன விசிறியின் பக்கம் இருந்த பட்டை காய்ந்து, அப்பளம் போல வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. அங்கே சிப்பின் சூடு தகட்டுக்குப் போக வழியே இல்லை.

புதுப் பட்டை வாங்க அவளே நாகர்கோவிலுக்குப் போனாள். தடிமனானது ஒன்றைக் கொடுத்தபோது வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தாளாம். மெத்தை தடித்தால் தகடு தூக்கிக்கொள்ளும், அப்புறம் மூளைக்குச் சூடு ஏறும் என்றாள். பழையதன் உதிராத பகுதியை அளந்து, அதே கனத்தில் கிடைக்கும்வரை கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். பட்டையை வைத்து, மூளையின் மேல் புதுப் பசையைப் பூசி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி மூடினாள்.

ஓட்டினார்கள். அலை வந்தது, போனது, வந்தது, போனது. மரியஜான் கையைத் தட்டினான். பிரீனா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்து, “கொள்ளாமே!” என்று மெச்சினாள். ஷாஜன் ஊன்றுகோலோடு வந்து கதவில் சாய்ந்து நின்றான். அப்போதுதான், வெகுநேரம் ஓடிய பிறகு, பெரிய அலையின் முதுகில் ஒற்றைப் பச்சைக் கோடு விழுந்தது.

“சூட்டுலயே கெடந்து சிப்பு அடிபட்டிருக்கு,” என்றாள் அஸ்வதி. “மெமரி வேகத்தைக் குறைச்சாத் தாங்கும். ஆனா அந்த வேகத்துக்கு இவ்வளவையும் வரையாது. படகு வெட்டி வெட்டித்தான் ஓடும்.”

“அப்ப அலையைக் கொஞ்சம் சிறிசாக்கு,” என்றான் மரியஜான். “பாதி ஒயரம் போரும். பாக்குதவனுக்கு என்ன தெரியப் போகுது?”

அஸ்வதி அவனைப் பார்க்கவில்லை. கதவில் சாய்ந்து நின்ற ஷாஜனைப் பார்த்தாள்.

“பாதி அலையைப் பாத்துப் படிச்சிட்டு ஒருத்தன் அந்த வாயிலுக்குள்ள வந்தாம்னா என்ன ஆவும், அண்ணே?”

மரியஜான்தான் அந்த அலையைத் தெரிந்தவன். அவன் தம்பிதான் அதில் விழுந்தவன். கடலில் கால் வைக்காத இந்தப் பெண் அதைக் கேட்கிறாள்.

“அலையில ஒரு துளி குறைக்க முடியாது,” என்றாள். “மத்ததைப் பாப்போம்.”

மற்றது என்றால் அவள் ஆசை ஆசையாகச் செய்தவை. கரையில் தென்னைகள், ஒவ்வொரு ஓலையும் அசையும். தூரத்தில் மாதா கோயில் கோபுரம், அந்தியில் அதன் கண்ணாடியில் சூரியன் பட்டு மின்னும். மேகங்கள், சுவரின் மேல் உட்கார்ந்து பறக்கும் பறவைகள், தண்ணீருக்குள் தெரியும் வானத்தின் நிழல். மரியஜான் முதன்முதலில் பார்த்தபோது, “ஊரை அப்படியே பிடிச்சு உள்ள வச்சிட்டியே” என்று வியந்தவை. தென்னைகளை எடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள். போதவில்லை. மேகங்களை எடுத்தாள். பறவைகளை எடுத்தாள். கோபுரத்தின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினாள்.

“அதையும் எடுத்திரு பிள்ளே,” என்றான் ஷாஜன். “வாயிலுக்குள்ள வரும்போ நான் கோபுரத்தப் பாக்கல்ல.”

அதையும் எடுத்தாள். கடைசியில் சாம்பல் வானம், இரண்டு சுவர், ஒரு வள்ளம், அலை. அவ்வளவுதான் மிஞ்சியது. படகு வெட்டாமல் ஓடியது. அலை முழு உயரத்தில் எழுந்தது. மாலை முழுக்க ஓடவிட்டும் கோடு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. மரியஜான் மெல்ல அவள் காதருகே குனிந்து, “சிப்பு கதையெல்லாம் எதுக்குச் சொல்லணும்? ஓடுத வரைக்கும் ஓடட்டு” என்றான். அவள் கேட்கவில்லை. மைக்கைப் பிடித்து, “இந்த மெஷினுக்கு அடிபட்டிருக்கு. நடுவில கோடு விழுந்தா அது கடலோட குணம் இல்ல, மெஷினோட குணம். அப்ப நிறுத்தி ஆற வைப்போம்” என்றாள். முன்வரிசையில் யாரோ, “எஞ்சின் சூடானா நாங்களும் அதைத்தான் செய்வோம்” என்றார்கள். மண்டபம் சிரித்தது.

முதலில் ஷாஜன்தான் உட்கார்ந்தான். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். வள்ளம் சுவர்களை நெருங்கியது. கரை தெரிந்தது. அலை எழ ஆரம்பித்தது. ஷாஜனின் தாடை இறுகுவதை மரியஜான் பார்த்தான். வேண்டாமடா, எழுந்து வந்துவிடு என்று சொல்ல நினைத்தான். ஷாஜன் வள்ளத்தைத் திருப்பினான். வெளியே, ஆழத்துக்குப் போய், மூக்கை அலைக்கு நேராக வைத்து நின்றான். ஓர் அலை தூக்கி இறக்கியது. இன்னொன்று. அலைகள் அடங்கிய இடைவெளியில் எஞ்சினை முறுக்கி உள்ளே போனான். இரண்டு சுவரும் பின்னால் போயின. தண்ணீர் தட்டையானது.

அவன் கையை எடுத்துவிட்டு அஸ்வதியைத் திரும்பிப் பார்த்து, “இதே அலைதான்,” என்றான். “இதேதான் கேட்டியா.”

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் தடவை பெரும்பாலோர் கவிழ்த்தார்கள். அனில்குமார் என்ற பையன், ஊரில் வேகத்துக்குப் பேர் போனவன், மூன்று தடவை கவிழ்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றான். நடுவில் ஒருமுறை ஒரு கோடு விழத்தான் செய்தது. நிறுத்தி, மேசை விசிறியைத் திருப்பி வைத்து, ஆற வைத்துத் தொடர்ந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு திரை ஒரேயடியாகக் கறுத்தது. எத்தனை முறை போட்டும் வரவில்லை.

கூட்டம் கலைந்துவிடும் என்று மரியஜான் நினைத்தான். கலையவில்லை. பிள்ளைகள் மண்டபத்துக்கு வெளியே மணலில் இரண்டு கோடு கீறி, அதுதான் சுவர் என்று வைத்துக்கொண்டு, எங்கே நின்று காத்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டார்கள். “நீ நிண்ணது ரொம்பக் கிட்ட, லே!” என்று அனில்குமார் கத்துவது கேட்டது. அவர்கள் நடுவில் ஷாஜன் ஊன்றுகோலால் மணலைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே அஸ்வதி கறுத்த மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

“இனி போர்டுதானே?” என்றான் மரியஜான்.

“இருக்கலாம்ணே. அந்த ஒரு சிப்பை மட்டும் மாத்திக் குடுக்குத ஆளு இருக்காங்களான்னு மொதல்ல கேப்போம்.” ஒரு திருகை எடுத்து அவன் கையில் வைத்தாள். “இதைத் தொலைக்காம பிடிங்க.”

மரியஜான் உள்ளங்கையை மூடி, அவள் அடுத்த திருகைக் கழற்றும்வரை அசையாமல் நின்றான்.