வேப்பிலைக்கு நடுவில் அறுகம்புல்

மூன்று மணி நேரம் குந்தியிருந்ததில் இராஜாங்கத்துக்கு முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. ஆத்தாள் நாள் முழுக்கக் குனிந்து நட்டவள். மகனுக்குப் பத்து வருஷ நாற்காலி உடம்பைக் கெடுத்துவிட்டது. எழுந்து காலை உதறினான். சாருக்குக் குந்தவே வரவில்லை என்று ஒருத்தி சொல்ல, கோலமாவுக் கையோடு பெண்கள் சிரித்தார்கள்.

அவன் உத்தியோகம் அதுதான். ஊர் ஊராகப் போய், ஜனங்களைக் கூட்டி, அவர்கள் ஊரை அவர்களையே தரையில் வரையச் சொல்லி, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது. பள்ளிக்கூடச் சுவரில் சூரியனை வெள்ளையடித்து அதன் மேல் இலையை வரைந்திருந்தார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவன் வேலை மாறுவதில்லை. இந்த ஊருக்கு ஒரே ஒரு வேலைக்குத்தான் சர்க்கார் திட்டத்தில் இடம். எது என்று சாயங்காலத்துக்குள் தீர்மானம் எழுதியாக வேண்டும். வாய்க்கால் மதகு என்றார் துரைக்கண்ணு. ஊரில் பாதி நிலம் அவருடையது; வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கீழத்தெருப் பெண்களும் மதகு என்றே சொன்னார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்களுக்கு மதகு எதற்கு என்று இராஜாங்கத்துக்கு விளங்கவில்லை.

அவர்களில் அம்சம் என்ற நடுவயதுக்காரி படத்தில் வயல்களுக்கு வேப்பிலை பரப்பிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு வயலின் நடுவே மட்டும், கீழத்தெருவிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும், ஒரு கோடாக அறுகம்புல்லை வைத்தாள். அது என்ன என்று கேட்டான். இலை தீர்ந்துவிட்டது என்றாள். அவள் மடியிலோ இலை நிறையக் கிடந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவன் அந்த வயலுக்கு நடந்தான். சம்பா முழுக்கக் கதிர் விட்டிருந்தது. நடுவில் எட்டடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் இளம்பச்சையாக, கதிரில்லாமல், நேராக ஆற்றங்கரைக்குப் போயிற்று. ஒரே வயலில் இரண்டு வயசுப் பயிரை அவன் பார்த்ததில்லை.

பின்னாலேயே அம்சம் வந்து நின்றாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"திருப்பனந்தாள் பக்கம்."

"ஊருக்குள்ளயா?"

"இல்லக்கா. உங்கள மாதிரி கீழத்தெருதான்."

அவள் அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேசினாள். ஐப்பசியில் மாமனார் செத்துப்போனார். சுடுகாடு ஆற்றங்கரையில் இருக்கிறது, அதற்குப் பாதை கிடையாது. வரப்பில் நாலு பேர் பாடை தூக்கிப் போக முடியாது, பயிருக்குள்தான் இறங்க வேண்டும். மிதிபட்ட பயிரைச் செத்தவர் வீடே நாற்று தேடிக் கொண்டுவந்து, கூலியில்லாமல் நட்டுக் கொடுக்க வேண்டும். தெருவுக்கு மனைப்பட்டா கொடி பிடித்து வாங்கியாயிற்று. அந்தப் பட்டா வாசப்படியோடு நின்றுவிட்டது.

"அப்ப படத்துல பாதைய ஏன் போடல?"

"இல்லாதத எப்படி சார் போடுறது? நீங்க இருக்கிறதத்தானே போடச் சொன்னீங்க."

இத்தனை ஊரில் இதே கேள்வியைக் கேட்டு எத்தனை பாதைகளைத் தவறவிட்டோமோ என்று அவனுக்கு உறைத்தது. கூட்டத்தில் இதைச் சொல்லச் சொன்னான். அறுப்பு வேலைக்குத் துரைக்கண்ணுவிடம்தான் போக வேண்டும் என்று தயங்கினாள்.

"நான் சொன்னா அது என் ஆசையாப் போயிடும்க்கா. நீங்க சொன்னா எழுதிடுவேன். எழுதிட்டா வந்துரும்."

சாயங்காலம் ஊரார் முன்னால் அம்சம் எழுந்தாள்.

"ஐயா, இனிமே பொணம் போன தடத்த நாங்க நட்டுத்தர மாட்டோம். எங்களுக்கு மதகு வேணாம், பாதைதான் வேணும்."

கீழத்தெரு மொத்தமும் கை தூக்கியது. துரைக்கண்ணு கோபப்படவில்லை.

"நானா ஒங்க மாமன சாகச் சொன்னேன்? பயிரு போனா எனக்கு யாரு தர்றது? சரி, கேட்டுட்டீங்க. அறுப்பு முடியட்டும், எழுதித் தர்றேன்."

தீர்மானப் புத்தகத்தில் இராஜாங்கம் பாதை என்று எழுதினான். நிலம் கொடுக்கச் சம்மதக் கடிதம் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அறுப்புக்குத்தான் இன்னும் ஒரு மாசம் இருக்கிறதே என்று, அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

அறுப்பு முடிந்தது, கடிதம் வரவில்லை. பணத்தை மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும் என்று மேலிடத்தில் வேலையை மதகுக்கு மாற்றினார்கள். காகிதத்தில் அதுவும் ஊர் கேட்டதுதான். அந்த வருஷம் துரைக்கண்ணு வயலில் அறுப்புக்கு அம்சத்தை மட்டும் கூப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டான். அவன் அந்தப் பக்கம் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது?

எழுதினால் வந்துவிடும் என்று சொன்னவன் அவன். கீழத்தெருவுக்கு இராஜாங்கம் சுடுகாட்டுப் பாதை ஒன்று பாக்கி, எட்டடி அகலத்தில்.