நூர்முகமதுவின் மூக்கும் ஆறு நெய் டின்களும்

1957 ஆகஸ்ட். கோவளத்தில் சௌகத் அலியின் மகளுக்கு நிக்காஹ். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் முந்நூறு பேர் சாப்பிட உட்காருவார்கள். சமைக்கச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த பண்டாரி நூர்முகமது, பிரியாணிக்கு வந்த ஆறு நெய் டின்களின் முன்னால் நின்றார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. டின்னைத் திறந்து, நாலு பேர் காதில் விழும்படி ஒரே இழுப்பாக மோந்து, "ஜோர்" என்பார். அதன் பிறகுதான் நெய் அடுப்பிலிருக்கும் தேக்சா அண்டாவுக்குப் போகும். அந்த மூக்கை நம்பித்தான் இருபது வருஷமாக ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

ஜூனில் வந்த ஃப்ளூ காய்ச்சல் அதில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மனைவி சைதூனுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டுமே இது தெரியும். டாக்டர் காடி, கிராம்பு, சீமெண்ணெய் மூன்றையும் மூக்கருகே காட்டினார். சீமெண்ணெய் மட்டும் தெரியவில்லை. மூக்குக்குள் உச்சியில் இருக்கும் தோல் எல்லா வாசனையையும் ஒரே இடத்தில் பிடிப்பதில்லை என்றார் டாக்டர். ஈரத்தில் எளிதாகக் கரைவது முன்பக்கமே ஒட்டிக்கொள்ளும். சீமெண்ணெய் போலக் கரையாதது உள்ளே வெகுதூரம் போகும். வேகமாக இழுத்தால் தங்காமல் கடந்துவிடும். காய்ச்சல் பின்பக்கத்தைக் கெடுத்திருக்கலாம், இனி மெதுவாக மூச்சை இழுத்துப் பாருங்கள் என்றார்.

நெய் டின்கள் ஆறும் முன்பு சீமெண்ணெய் அடைத்து வந்தவை. சோடா போட்டுக் கழுவியதாக வியாபாரி சத்தியம் செய்திருந்தான்.

ஆறையும் வழக்கம்போல் இழுத்து மோந்தார். நெய் மட்டுமே தெரிந்தது. "ஜோர்" என்று சொல்ல வாய் வரவில்லை. மறுபடி குனிந்து, மெதுவாக. நாலாவது டின்னில் நூல் மாதிரி ஏதோ ஒன்று. வாசனையா, பயமா?

"இன்னா பண்டாரி, மோந்துகினே கீற? நெய்யா, சென்ட்டா?" என்றார் சௌகத் அலி.

"நீங்க ஒரு தபா பாருங்க பாய்."

நெய் இன்னும் பாதி உறைந்து, வாசனை அடங்கிக் கிடந்தது. சௌகத் அலி குனிந்து நிமிர்ந்தார். "நெய் வாசனதான். மாப்ள வூட்டு ஆளுங்க வந்துகினு கீறாங்க, பேஜாரு பண்ணாத."

நூர்முகமது அந்த டின்னிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தணலில் வைத்தார். நெய் உருகிப் புகைந்தது. அவர் கரண்டியைப் பார்க்கவில்லை. சௌகத் அலியின் முகத்தைப் பார்த்தார். சௌகத் அலியின் கை மூக்குக்குப் போனது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அய்யே, சீமெண்ண நாத்தம்!" என்றாள்.

நூர்முகமதுவுக்கு நெய்தான் மணத்தது.

"உன் மூக்கு மூக்குதான்யா! மீதிய ஊத்து," என்றார் சௌகத் அலி.

"இல்ல பாய். மீதி அஞ்சையும் சுட வச்சித் தரேன், நீங்கதான் மோக்கணும்." கரண்டியைக் கீழே வைத்தார். "காச்சலுக்கப்புறம் எனக்கு சீமெண்ண வாசன வர்றதில்ல."

செங்கம்மாளின் அரிவாள்மணை நின்றது. வெளியே மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சௌகத் அலி வாசலை ஒருமுறை பார்த்தார், பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு தணலருகே குந்தினார்.

"அடுத்தத வை. சீக்கிரம்."