சிரிக்கிற மூஞ்சி

எங்கள் ஆஸ்பத்திரித் தரையில் முகம் பார்த்து ஒரு குரங்கு தலைவாரியதை நான் கண்ணால் கண்டேன். உடவத்தகெலே காட்டிலிருந்து வந்து ஜன்னல் வழியாக இறங்கியது. குனிந்து பார்த்தது, நெற்றி மயிரை ஒதுக்கியது, திருப்தியோடு போய்விட்டது. சீப்பு வைத்திருந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, விரலால்தான். நான் மிகைப்படுத்துவதில்லை.

தரையை அவ்வளவு துடைத்தது தரச்சான்றிதழுக்காக. கண்டி வாவிக்கு மேலே, சரிவில் இருக்கும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி அது. குடலிறக்க ஒப்பரேஷன் முடிந்து நான் மேல்மாடி வார்டில் படுத்திருந்தேன். முன்பெல்லாம் மதிப்பீட்டாளர்கள் மாதக்கணக்கில் முன்பே தேதி சொல்லி வருவார்களாம். இப்போது ஒரு டெலிபோன் கோல் மட்டும்தான். மறுநாள் வாசலில் நிற்பார்கள். போன முறை சான்றிதழ் கிடைக்கவில்லை. இந்த முறையும் தவறினால் மேல்மாடியை மூடிவிடுவதென்று முதலாளிமார் சொல்லியிருந்தார்கள். மேல்மாடி என்றால் மேட்ரன் ஞானேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கட்டில் கட்டிலாக அந்த வார்டைச் சேர்த்தவர்.

அதனால் தினமும் ஒத்திகை. வாசல் காவலாளி ஹபீல், பாண் விற்க வந்தவனைக்கூடக் கை கழுவாமல் உள்ளே விடவில்லை. தமிழ் அவ்வளவாகத் தெரியாத சிங்களத் தாதி தில்ஹானி கழுவிக் கழுவி உள்ளங்கை ரேகையையே அழித்துவிட்டாள். கை பார்க்கிறவரிடம் போனால், எதிர்காலம் ஒன்றும் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் கட்டில்களுக்கிடையில் இடைவெளி சரியில்லையென்று எல்லாவற்றையும் நகர்த்தினார்கள். நான் தியாகராஜாவுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தேன். யாழ்ப்பாணம் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர். குண்டசாலையில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் படியில் விழுந்து, தொடை எலும்புக்குக் கம்பி வைத்திருந்தார்கள். அதிகம் பேசாத மனுஷர். ஆனால் எப்போதும் சிரித்த முகம்.

மறுநாள் காலை தில்ஹானி வந்தாள். கையில் மூஞ்சிகள் வரைந்த அட்டை: ஒரு முனையில் சிரிக்கிற மூஞ்சி, மறுமுனையில் அழுகிற மூஞ்சி. நோயாளியின் வலி எவ்வளவு என்று தினமும் கேட்டு எழுத வேண்டும் என்பது சான்றிதழ்க்காரர்களின் விதி. தியாகராஜாவின் காலைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கிள், பெய்ன்?"

"நோ."

"நோ?"

"நோ, பிள்ளை. சரியான நோ."

"ஹா, சரி, சரி!" என்று அவள் சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டுக் காட்டினாள். அவரும் சிரித்தார். அவள் பூச்சியம் போட்டுவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்தது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் மற்றது உறைத்தது.

"ஐயா, உங்களுக்கு வலிக்குதா?"

"பின்னை? உயிர் போகுது. ஒவ்வொரு நாளும் நோ எண்டு சொல்லுறன், ஒரு குளிசை தருகினமில்லை. படத்தைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுது அந்தப் பிள்ளை. பாக்க ஆக்கள் வருகினமாம், சிரிச்ச முகமா இருக்கோணும் போல. எங்கட ஊர் மேட்ரன் பிள்ளையின்ர வார்டு. நான் ஏன் கெடுப்பான்?"

தாளில் பூச்சியம் விழ விழ, வலி மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். மேட்ரன் பார்க்கும்போது தாளில் பூச்சியம், முகத்தில் சிரிப்பு. வேறென்ன நினைப்பார்?

அன்று மத்தியானம்தான் அந்தக் கோல் வந்தது. நாளைக்கு வருகிறார்கள். ஓடித் திரிந்த மேட்ரனை நான் மறித்தேன்.

"மேட்ரன், அவரு சொல்ற நோ இங்கிலீஷ் நோ இல்லீங்க. உங்க ஊரு நோ."

"பகிடி விடாதேங்கோ, ராஜலிங்கம் அண்ணை. தலைக்கு மேல வேலை கிடக்கு."

"நான் புளுகன்னு ஊருக்கே தெரியும். அதனால நீங்களே போய்க் கேளுங்க."

போனார். குனிந்தார். "ஐயா, கால் நோகுதோ?"

தியாகராஜா சிரித்த முகத்தோடே சொன்னார்: "ஓம் பிள்ளை. நாளைக்கு அவையள் போகட்டும். அதுவரைக்கும் தாங்குவன்."

டொக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு, அவர் கண்ணயர்ந்த பிறகு மேட்ரன் கதிரையில் உட்கார்ந்தார். நின்ற இடத்திலேயே தில்ஹானி அழுதுகொண்டிருந்தாள். மனேஜர் சுதேஷ் மெதுவாகச் சொன்னார்: "மருந்து குடுத்தாச்சே, மேட்ரன். நாளைக்கு இதப்பத்தி நம்ம வாயத் தெறக்காம இருந்தா என்னங்க?"

"அவர் வாயைத் திறந்தவர், சுதேஷ். நாங்கள்தான் கேக்கேல்லை."

மறுநாள் மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். தரையைப் புகழ்ந்தார்கள், கைகளைப் புகழ்ந்தார்கள். வலித் தாள்களையும் புரட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்போது மேட்ரன், இல்லை என்றார். தியாகராஜாவின் கட்டிலடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தலைமை மதிப்பீட்டாளர் பேனாவை மூடினார். இப்படி இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார்.

மேட்ரன் வார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்த மனுஷி, தெரியாது என்றார். அதைவிடக் கஷ்டப்பட்டு யாரும் ஒரு சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சான்றிதழைக் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. திரும்ப வருவார்களாம், இனி அந்தக் கோலும் வராதாம். அதுவரை மேல்மாடி திறந்திருக்கும்.

அவர்களின் வாகனம் சரிவில் இறங்கிய சத்தம் அடங்குவதற்குள் மேட்ரன் தில்ஹானியைக் கூட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாக வரத் தொடங்கிவிட்டார். ஹேவாஹெட்டையிலிருந்து வந்திருந்த வேலாயியிடம் நெடுநேரம் நின்றார்கள். அவளுக்கு முதுகு வலி. இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

கடைசியாக என்னிடம் வந்தார்கள். தில்ஹானி புதிதாகப் படித்ததைத் தடுமாறாமல் சொன்னாள்: "ஐயா, எங்க நோகுது? எங்க வலிக்குது? கொஹெத ரிதென்னே?"

உண்மையில் எனக்கு மூன்று மொழியிலும் வலி இல்லை. ஆனால் இத்தனை பாடுபட்டுக் கேட்கிற பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. இடது தோளில் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.