ட்ரேயில் கிடந்த போல்ட்

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தாவீதுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனைவி மார்கரெட் லடாக்குக்கு பைக்கில் கிளம்பிப் போன இந்தப் பன்னிரண்டு நாளில், பஞ்சர் ஒட்ட வந்தவன், காற்றடிக்க வந்தவன், சும்மா வழி கேட்க நின்றவன் என்று ஒருத்தரையும் அவன் விட்டுவைக்கவில்லை. "மூவாயிரத்து சொச்சம் கிலோமீட்டரு. தனியா போறா. வண்டிய செட் பண்ணது யாரு? நானு. ஒரு நட்டு லூசாவுமா?" என்று ஆரம்பித்தால் கேட்கிறவன் கையில் டீ ஆறிப் போகும்.

அப்பேர்ப்பட்ட ஆள்தான் செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து, மண்ணெண்ணெய் ட்ரேயைக் கழுவ எடுத்தான். அடியில் கசடோடு கசடாக ஒரு போல்ட் கிடந்தது. துணியால் துடைத்துப் பார்த்தான். புது போல்ட்.

மார்கரெட்டின் வண்டிக்கென்றே சென்னைக்குப் போய் வாங்கி வந்த போல்ட் அது. முன் சக்கரத்தின் பிரேக்கை அசையாமல் பிடித்து நிறுத்துவதற்கு இரண்டு வேண்டும். இரண்டுதான் வாங்கினான். பழைய இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டான். ஒன்று இங்கே கையில் இருக்கிறது என்றால், அங்கே பனிமலையில் அவளுடைய பிரேக் ஒற்றை போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குலுங்கிக் குலுங்கி அதுவும் கழன்றால் பிரேக் போய்ச் சக்கரத்தில் சிக்கும். சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் தூக்கியெறியப்படுவாள். இதையெல்லாம் யாரும் தாவீதுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுதான் கொடுமை.

எப்படி நடந்தது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. சண்டையில் நடந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கும் நேரத்தில், சும்மா இருக்க மாட்டாமல் கேட்டான்.

"நானும் இன்னொரு வண்டில பின்னாடியே வரேன் மார்கரெட்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளியே வரேன். உனுக்கு இன்னா தொந்தரவு?"

"வேணாம்யா. தனியா போறேன்னு எத்தினி தபா சொல்றது?"

"அப்டி இன்னா தனியா?"

"பதினாறு வருசமா வண்டி ஓட்றேன். எங்க போயிருக்கேன்? திருக்கழுக்குன்றம் தாண்டி மகாபலிபுரம், ரிசார்ட்டு லாண்டிரி வேலை, அத்த வுட்டா வூடு. பொயலு மழையிலயும் அதே ரோடு. பொண்ணும் வேலைக்குப் போயிட்டா. ஒரே ஒரு தபா என் பாட்டுக்கு நேரா போயிகினே இருக்கணும்யா. நீ வந்தா நாஸ்தா எங்கன்னு நீதான் சொல்லுவ. எங்க நிக்கணும்னும் நீதான் சொல்லுவ."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் தாவீதுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனான். அரை மணி கழித்துத் திரும்பியவன், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே செயினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிட்டான். விட்ட வேலை விட்டதுதான். எடுத்த போல்ட்டை எங்கே வைத்தோம் என்ற நினைப்பே அப்புறம் வரவில்லை.

இப்போது அவளைக் கூப்பிட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி கூப்பிட்டான். பத்து தடவைக்கு மேல் அதே குரல் அதையே சொன்னது. விடிகாலையில்தான் கேலாங் என்ற ஊரிலிருந்து பேசியிருந்தாள். "பனி கொட்டிகினு கீது, சூப்பரா கீதுய்யா. இதுக்கு மேல சிக்னல் இல்லியாம். லே டவுனு போய்ச் சேந்துதான் கூப்புடுவேன், ரெண்டு நாளாவும். பேஜாராவாத" என்று சொல்லி, ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தாள். லாட்ஜ் வாசலில் சீட்டெல்லாம் பனி படிந்து நிற்கிற வண்டி. அதன் தலைக்கு மேலே லாட்ஜின் போர்டு.

போர்டில் போன் நம்பர் இருந்தது! தாவீது அதைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் போட்டான். எடுத்த ஆள் படபடவென்று இந்தியில் பேசினான். தாவீதுக்குத் தெரிந்த இந்தி 'அச்சா'வோடு முடிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே கடைக்குப் பின்னால் ஓடினான். அங்கே வாடகை அறையில் குடியிருக்கும் பானிபூரிக்காரர் சந்தன், பீகார்க்காரர், சாயங்கால வியாபாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"பையா, பேசு! என் பொண்டாட்டி எங்கன்னு கேளு. வண்டிய தொட வேணாம்னு சொல்லச் சொல்லு. முன்னாடி பிரேக்கு சரியில்லன்னு சொல்லு!"

சந்தன் மாவுக் கையோடு போனை வாங்கிப் பேசினார். பேசப் பேச அவர் முகம் மாறியது.

"அண்ணா, மேடம் ஆறு மணிக்கு போச்சு. மேல தார்ச்சானு ஒரு ஊரு. அங்க போலீஸ் ரோடு மூடிட்டாங்க. பனி ஜாஸ்தி. எல்லா வண்டியும் நிறுத்திட்டாங்க."

"அப்போ அவளையும் நிறுத்திட்டாங்களா?"

"ஏழரைக்குத்தான் மூடினாங்களாம். மேடம் அதுக்கு முன்னாடியே தாண்டிப் போச்சா, இல்ல அங்கதான் நிக்குதா, தெரியாது. தார்ச்சால இவரு மச்சான் டீக்கடை இருக்குது. லைன் கிடைச்சா சொல்லி, தேடச் சொல்றேன்னு சொல்றாரு."

லைன் கிடைத்தால்! அதன் பிறகு தாவீது பட்ட பாட்டை என்ன சொல்ல? இங்கே அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவனோ போனில் அந்தப் பனி படிந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக் ஷூ மாற்ற ஒருவன் வந்து வண்டியை ஸ்டாண்டு போட்டான். "இன்னிக்கு நான் எவன் வண்டியையும் தொட மாட்டேன், போய்யா" என்று துரத்திவிட்டான். 'ஏசப்பா, அவ முழுசா வந்தா போதும். இனிமே ஜென்மத்துக்கும் பீத்திக்க மாட்டேன்' என்று வேண்டிக்கொண்டான். பெண் ஜெனிஃபருக்குப் போன் போட எடுத்து, என்னவென்று சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டான். ஒரு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போய் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வந்தான். ராத்திரி ரயிலைப் பிடித்தால் டெல்லி, அங்கிருந்து பஸ். சந்தன் மாவை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பூரி போடவில்லையா என்று தாவீது கேட்டதற்கு, "போடலாம், போடலாம்" என்றார்.

மூன்று மணி சுமாருக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யோவ், நான்தான்! இன்னா ஆச்சி? ஜெனிஃபருக்கு ஒண்ணும் இல்லியே? இங்க தார்ச்சால டீக்கடைக்காரு ஒருத்தரு ஒவ்வொரு கூடாரமா பூந்து 'மதராஸ் மேடம், ப்ரேக், ப்ரேக்'னு கத்திகினு வராரு. எனுக்கு உயிரே இல்ல. அவரு போன்லதான் பேசறேன்."

தாவீது கொட்டித் தீர்த்தான். ட்ரே, போல்ட், சண்டை, தன் புத்திகெட்டதனம், எல்லாவற்றையும். "வண்டிய தொடாத மார்கரெட்டு. அப்டியே வுட்டுடு. நான் உன்ன கொன்னுட்டேன்னே நெனச்சிட்டேன்" என்றபோது அழுதேவிட்டான்.

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. அவள் சிரித்தாள்.

"அந்த போல்ட்டா? அது நெல்லூர்லயே போட்டாச்சிய்யா."

"இன்னாது?"

"மொத நாளே முன்னாடி கடகடன்னு சத்தம். ஒரு மெக்கானிக் கடையா பாத்து நிறுத்தினேன். அந்தாளு குனிஞ்சி பாத்துட்டு தலையில அட்ச்சிகினாரு. 'எந்த மடையன்மா இந்த வண்டிய செட் பண்ணது?'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ரோட்டோரம் எவனோன்னு சொன்னேன். புருசன்னு சொல்ல முடியுமா? மானம் போவாது?"

போன உயிர் திரும்பி வந்தது தாவீதுக்கு. உயிர் வந்ததும் கோபமும் கூடவே வந்தது, அதுதானே மனுஷ புத்தி.

"பன்னெண்டு நாளா தெனம் பேசினியே! வண்டி கல்லு மாரி கீதுன்னு சொன்னியே! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

தாவீது பக்கத்தில் கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தான்.

"வந்திருப்பேன்" என்றான், முணுமுணுப்பாக.

"அதுக்காண்டிதான் சொல்லல. நீ உன் தப்ப சரி பண்றேன்னு நெல்லூருக்கு வந்து நின்னிருப்ப. அதோட முடிஞ்சிருக்கும் என் லடாக்கு."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதே சமயம், அவள் பேச்சு காதில் விழ விழ நெஞ்சு குளிர்ந்தது. திட்டட்டும். நாள் பூரா திட்டட்டும்.

"நாளைக்கோ நாளான்னிக்கோ ரோடு தொறப்பாங்களாம்" என்றாள் மார்கரெட். "பாதிப் பேரு திரும்பிட்டாங்க. நான் மேல போறேன்."

திரும்பி வந்துவிடேன் என்பது தாவீதின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பெரிய மனசு பண்ணியவன் போலச் சொன்னான்: "சரி, போ மார்கரெட்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் உன்ன கேக்கலியே. போறேன்னு சொன்னேன்."

சந்தனுக்கு என்ன புரிந்ததோ, அவர் சிரித்தார். தாவீதும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"பனியில எறங்கும்போது முன் பிரேக்க மட்டும்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

"இன்னா, முன் பிரேக்க?"

"ஒண்ணுமில்ல. உனுக்குத் தெரியும். நீ ஓட்டு."