பார்ட்லி வயலின் புல்

செத்தவன் வயலில் புல்லை அறுக்காமல் விடுவது எங்கள் மலைச்சரிவில் பெரிய அவமானம். பக்கத்து வீட்டு பார்ட்லி போன வருஷம் ஜூனில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் பாஸ்டனில். அறுக்க மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"உனக்கு எதுக்குடா பொண்டாட்டி, ஃபெஸ்டஸ்? அதான் குதிரை இருக்கே!" என்று வாய் ஓயாமல் கிண்டல் செய்தவன் அவன். பொய்யில்லை. ரோஷீன் என்கிற அந்தப் பெண்குதிரையோடு இருபது வருஷம் பேசியிருக்கிறேன்.

மழைக்கு முன் மூன்று நாள்தான் வெயில். புல்லுக்கு நடுவே பூகலான், அந்த மஞ்சள் பூச்செடி, மண்டிக்கிடந்தது. அது விஷம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என் வயலில் ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கிவிடுவேன். அன்று எனக்குத் துணையாக நின்று பிடுங்க ஆளில்லை. என் வயலில் ஒன்றிரண்டு தப்பி முளைத்தாலும் ரோஷீன் முகர்ந்துவிட்டு விலகித்தான் மேய்வாள். அவளுக்குத் தெரியாததா என்று எல்லாவற்றையும் சேர்த்தே அறுத்து, அவளுடைய குளிர்காலத் தீனிக்குக் காயவைத்தேன். முட்டாள்.

ஜனவரியில் அவள் மெலிந்தாள். குளிர் என்று நினைத்து, பார்ட்லி வயல் புல்லையே இன்னும் அள்ளிப் போட்டேன். அவளும் ஒரு தண்டுகூட விடாமல் தின்றாள். பிப்ரவரியில் ஒரு காலை, லாயத்துச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன்; திரும்பவில்லை.

கால்நடை டாக்டர் ஓர்லா, தொட்டியில் அன்று போட்ட புல்லிலிருந்து ஒரு கறுத்த தண்டை உருவிக் காட்டினாள்.

"பச்சையா இருந்தா கசக்கும், தொடமாட்டா. காஞ்சா கசப்பு போயிடும், விஷம் போகாது. ஈரல் முடிஞ்சுபோச்சு, ஃபெஸ்டஸ்."

"மெலிஞ்சிருக்காளேன்னு ரெண்டு பங்கா போட்டேனே, டாக்டர்."

ஓர்லா ஊசியை எடுத்தாள். "நீங்க வெளியே போங்க, நான் பாத்துக்கறேன்."

"வேணாம். நானே புடிச்சுக்கறேன். அவளுக்கு வேற யாரு இருக்கா?"

எனக்கு என்று சொல்ல வேண்டியது; அவளுக்கு என்றுதான் வாயில் வந்தது.

இந்த ஜூலையில் பார்ட்லி வயல் மறுபடி மஞ்சளாய்ப் பூத்தது. கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு செடியாக வேரோடு பிடுங்கி எரித்தேன். நாலு நாள் ஆயிற்று. வயல் சுத்தமாகிவிட்டது. அதில் மேய என்னிடம் ஒரு ஜீவன் இல்லை.