சுருளின் இறுக்கம்

ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் மேகமூட்டமாக இருந்தது, மழை இல்லை. காற்று ஏரியின் நடுவிலிருந்து கரையை நோக்கி, அதாவது தூண்டில் எறிபவரின் முகத்தை நோக்கி வீசிற்று.

எங்கள் ஏரியில் மரத்தாலான மீன்பிடி மேடை ஒன்று உண்டு. பெரிய மீன்கள் அதன் முனையில்தான் கிடைக்கும். அங்கே நிற்க விரும்புபவர் தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக் குண்டை மஞ்சள் மிதவைக்கு அப்பால் மூன்று முறை தொடர்ந்து எறிந்து காட்ட வேண்டும். ஒரு முறைகூட நரம்பு சிக்கக் கூடாது. இது சங்கத்தின் விதி. முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் நான் தோற்றேன். நரம்பு வெளியேறும் வேகத்தைவிட அது சுற்றியிருக்கும் ரீலின் சுருள் வேகமாகச் சுழன்று, அனைத்தையும் குருவிக்கூடாக்கிவிட்டது.

முனையில் நெடுநாளாக நிற்பவர் என் அக்காவின் கணவர். சென்ற வாரம் அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்:

"ஏம்மா, அடுத்த வாரமும் கூடு கட்டினா ரீலை எங்கிட்டக் குடுத்துடு. உனக்கு ஒரு குச்சியும் கயிறும் போதும்."

"சரி அத்தான். கட்டலேன்னா?"

"கட்டாம இருந்தாத்தானே!"

பதினொரு மாதங்கள் கூடுதல் நேரம் தைத்து வாங்கிய ரீல் அது. எனக்கென்று மட்டும் நான் வாங்கிய முதல் பொருளும் அதுவே. வாய் தவறி ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன்.

ரீலின் திருகை நன்றாக இறுக்கு என்பதே அத்தான் எனக்குக் கற்பித்த ஒரே பாடம். இறுக்கினால் குண்டு காலடியில் விழுந்தது. தளர்த்தினால் கூடு கட்டிற்று.

வியாழக்கிழமை தையல் கடையில் கறுப்பு நூலை எடுத்துவிட்டு, மெல்லிய வெள்ளை நூலைப் போட்டேன். வழக்கம்போல், தையல் இயந்திரத்தின் அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸை நூலிலேயே தொங்கவிட்டு, ஒரு சிறு உதறு உதறினேன். அது ஒரு விரற்கடை இறங்கி நின்றது. நிற்காமல் ஓடினால் திருகு தளர்வு; அசையாவிட்டால் இறுக்கம். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் நான் செய்யும் சோதனை இது.

"அடச்சீ, இவ்வளவுதானா!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். காஜா எடுப்பவள் திடுக்கிட்டு ஊசியால் விரலைக் குத்திக்கொண்டாள்.

அன்று மாலை அதே சோதனையை ரீலுக்கும் செய்தேன்: தூண்டில் கோலின் நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டேன். சுருளை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியதும் குண்டு மெல்ல இறங்கித் தரையைத் தொட வேண்டும். தொட்ட கணமே சுருளும் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை கைப்பிடிப் பக்கத்துத் திருகைச் சரிசெய்தேன். மறுபக்கத்துப் பிரேக்கை முதலில் உச்சத்தில் வைத்து, பின்னர் ஒவ்வோர் எண்ணாகக் குறைத்தேன். கொல்லையில் குளியல் வாளியே எனக்கு மிதவையாயிற்று.

ஞாயிறன்று முதல் இரண்டு எறிகளும் மிதவையைத் தாண்டின. அக்கா கைதட்டினாள். மூன்றாம் எறிக்குச் சங்கத்தின் குண்டையே கட்ட வேண்டும். செயலாளர் அதை என் கையில் வைத்தார். என் குண்டின் எடையில் பாதிகூட இல்லை. நான் பலகையில் அமர்ந்து திருகைப் பிடித்தேன்.

"என்ன, இங்கேயே தையல் கடை போட்டுட்டியா?" என்றார் அத்தான். "வீசிட்டுக் கிளம்பு!"

"நூல் மாறினா டென்ஷனை மாத்தணும் அத்தான். பொறுங்க."

"நாலெழுத்துப் படிச்சதும் பேச்சைப் பாரு!"

"ஆமா, நாப்பத்தாறு வயசுலதான் படிச்சேன். அதனால எதையும் இன்னும் மறக்கலே."

குண்டு மெல்ல இறங்கி நிற்கும்வரை திருகினேன். எதிர்க்காற்றுக்காகப் பிரேக்கை இரண்டு எண் கூட்டினேன். எழுந்து, தாழ்வாக வீசினேன். குண்டு நீரைத் தொடும் முன் கட்டைவிரலால் சுருளை நிறுத்தினேன். மிதவைக்கு அப்பால் நீர் தெறித்தது. நரம்பில் ஒரு வளையம்கூட எழவில்லை.

"காத்து தள்ளிவிட்டுடுச்சு," என்றார் அத்தான்.

"காத்து மூஞ்சியில அடிக்குது. அது எப்படிங்க தள்ளும்?" என்று அக்கா சிரித்தாள்.

அவர் அந்த இலேசான குண்டைப் பிடுங்கித் தம் நரம்பில் கட்டி, எந்தத் திருகையும் தொடாமல் முழு வலிமையுடன் வீசினார். குண்டைக் காற்று தடுத்தது. சுருளை எதுவும் தடுக்கவில்லை. அவர் ரீலில் இரண்டு குருவிகள் குடியேறலாம் போன்ற கூடு எழுந்தது.

எங்கள் குடும்பத்தில் எது சிக்கினாலும் என்னிடமே வரும்: சங்கிலி, ஜிப்பு, பட்டம், பின்னல். அத்தான் ரீலை என் பக்கம் நீட்டினார்.

"பிரிச்சுத் தர மாட்டேன் அத்தான். கொஞ்சம் தள்ளி உக்காந்து நீங்களே பிரிங்க. இது என் இடம்."

செயலாளர் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை வாங்கி என் பெயரை நானே எழுதினேன்; பிறகு மேடையின் முனைக்கு நடந்தேன். அத்தான் நகர்ந்து வழிவிட்டபோது மணி காலை எட்டு நாற்பத்திரண்டு.